பிஞ்சு நாற்பத்தொன்று

மணி அடித்த பிறகும் ஜெனிபர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நூறு வெள்ளை அணுக்களை எண்ணி முடித்ததும் எண்ணும் பெட்டி தானாக அடிக்கிற மணி அது. அணுவில் வகைக்கொரு பித்தான். அழுத்த அழுத்த மேலே இருக்கிற சின்னச் சன்னலில் எண் ஏறும். பதினோரு வருடப் பழக்கத்தில் அவளுடைய விரல்களுக்கு அந்தப் பித்தான்களைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கண் பார்த்துக்கொண்டிருக்கும், விரல் தட்டிக்கொண்டிருக்கும், மனசு சாயங்காலம் என்ன குழம்பு வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு இளம் அணுவுக்கான பித்தானில் இருந்த ஆள்காட்டி விரல் வழக்கத்தைவிட அதிகமாக உழைத்துவிட்டது என்பது மணி அடிப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. குழம்பு மறந்துவிட்டது. குனிந்து சன்னலைப் பார்த்தாள். நாற்பத்தொன்று.

ஐந்தாறு இருந்தால் சரி. பத்தைத் தாண்டினால் டாக்டர் காதில் போட்டுவைக்க வேண்டும். நாற்பதுக்கு மேல் அவள் இந்த மலைக்கு வந்த பிறகு இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறாள். அந்த இரண்டு பேரும் இப்போது இல்லை.

ஸ்லைடின் ஓரத்தில் ஒட்டியிருந்த காகிதத்தில் 63 என்று மட்டும் எழுதியிருந்தது. பெயர் கிடையாது, வயது கிடையாது, ஆணா பெண்ணா என்று கூடக் கிடையாது. அதுதான் ஏற்பாடு.

மறுபடியும் எண்ணினாள். முப்பத்தொன்பது. ஸ்லைடின் வேறொரு மூலைக்குப் போய் மூன்றாவது தடவை எண்ணினாள். நாற்பத்திரண்டு. தப்பாக எண்ணியிருக்க வேண்டுமே என்று ஒரு லேப் டெக்னீஷியன் வேண்டிக்கொள்கிற நாளும் வரும் என்று படிப்பில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

"ஏனுங் கண்ணு, மூணு தரம் மணியடிச்சிருச்சு. இன்னிக்குப் பிஞ்சு எத்தினி?" என்று கேட்டாள் பெருமாயி. தரை துடைக்கிற கட்டையை வாசற்படியில் சாய்த்துவிட்டு, ஈரம் காய்கிறவரை உள்ளே கால் வைக்கக்கூடாது என்ற தன்னுடைய சொந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வெளியிலேயே நின்றாள்.

பிஞ்சு என்கிற சொல் அவளுக்காகப் பிறந்ததுதான். ஆஸ்பத்திரியின் துப்புரவுப் பணியாளர் அவள், நாற்பத்தைந்து வயது இருக்கும். ஜெனிபர் சேர்ந்த புதிதில், "தெனமும் குழாய்க்குள்ள அப்படி என்னத்தைத்தானுங்க எண்ணுறீங்க?" என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். பொருள் புரியாத வேலைக்குப் பக்கத்தில் நின்று தரை துடைப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஜெனிபருக்குத் திருச்சிப் பக்கம். இந்த மலையின் பேச்சு அப்போது பிடிபடவில்லை. சன்னலுக்கு வெளியே நின்ற பலா மரத்தைக் காட்டித்தான் சொன்னாள். ரத்தத்தில் நோயோடு சண்டை போடுகிற வெள்ளை அணு உண்டு. முத்தினதாகப் பார்த்துத்தான் உடம்பு சண்டைக்கு அனுப்பும். கிருமி மிஞ்சிப் போனால், முத்தினதெல்லாம் தீர்ந்துபோனால், உடம்பு பதறிப்போய் பிஞ்சையும் பறித்து அனுப்பிவிடும். அணுவின் உள்ளே இருக்கிற கருவின் இடுப்பு நூலாக இற்றிருந்தால் அது முத்தல். நாடா மாதிரி ஒரே தடிமனாக வளைந்திருந்தால் பிஞ்சு. பிஞ்சு எத்தனை என்று பார்த்தால் உள்ளே என்ன நிலவரம் என்று தெரிந்துவிடும். பெருமாயி தலையைத் தலையை ஆட்டினாள். அன்றிலிருந்து டாக்டர், நர்ஸ் என்று எல்லோருமே அந்த ஆஸ்பத்திரியில் பிஞ்சு என்றுதான் சொன்னார்கள். புத்தகப் பெயர் ரிப்போர்ட்டில் மட்டும் இருந்தது.

"நாப்பத்தொண்ணுக்கா" என்றாள் ஜெனிபர்.

"அய்யோ சாமி. காத்தடிச்ச மரமாட்டமல்ல உதிர்ந்திருக்குது. எந்த ஊட்டுப் புள்ளையோ பாவம். சீக்கிரம் சொல்லிப்போடுங்க கண்ணு."

சொல்வதாக இருந்தால் யாரிடம் சொல்வது? அங்கேதான் சிக்கல்.

மார்கழி முடிந்த கையோடு ஒரு மெஷின் மலையேறி வந்திருந்தது. ஒரு குழாய் ரத்தத்தை வைத்தால் ஒரு நிமிடத்தில் இருபது வகை எண்ணைத் துப்பும். இளம் அணு எத்தனை சதவீதம் என்பதையும் அதுவே சொல்லிவிடுமாம். கீழே ஒரு கல்லூரியிலிருந்து டாக்டர் தரணிதரன் அதைக் கொண்டுவந்தார். அடிவாரத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. மஞ்சள் போட்டு, மரவள்ளி போட்டு அப்பா படிக்கவைத்தவர். நல்ல மனுஷன்தான், அதில் குறை சொல்ல முடியாது. மெஷின் சொல்கிற எண்ணும் கண் சொல்கிற எண்ணும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று நூறு மாதிரிகளை வைத்துப் பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி. மெஷின் ரிசல்ட் உடனே டாக்டர் மேஜைக்குப் போகும், வைத்தியம் அதன்படி நடக்கும். ஜெனிபரின் எண்ணிக்கை ஒட்டிய உறையில் பெட்டிக்குள் போகும். யாருடைய ரத்தம் என்று எண்ணுகிறவளுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் மனசு எண்ணைக் கூட்டும், குறைக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு படிப்பதுதான் உயர்ந்த படிப்பாம். எண்ணுக்கும் பெயருக்கும் உள்ள பட்டியல் மெஷினை ஓட்ட வந்த வித்யாஸ்ரீயின் பூட்டிய டிராயரில் இருந்தது.

"சார், இந்த மெஷின் ரொம்பப் பச்சையா இருக்கறதைத்தான் புடிக்கும். பிஞ்சை முத்தலோட சேர்த்து எண்ணிரும்" என்று முதல் நாளே ஜெனிபர் சொன்னாள்.

"அதத்தாங்க மேடம் பாக்கப்போறோம். நீங்க நூறு எண்ணுறீங்க, அது பத்தாயிரம் எண்ணுது. யாரு சரின்னு நம்பர் பேசட்டும்" என்றார் தரணிதரன். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கண்ணுக்குச் சோர்வு உண்டு, சாயம் ஏமாற்றும், இரண்டு பேர் எண்ணினால் இரண்டு கணக்கு வரும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

ஏனென்றால் இருபத்திரண்டாம் நம்பர் என்று ஒன்று இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த ஸ்லைடில் அவள் பத்தொன்பது பிஞ்சு எண்ணிவிட்டாள். எண்ணியவள் சும்மா இருக்கவில்லை. பட்டியலைத் திற என்று வித்யாஸ்ரீயிடம் ஒற்றைக்காலில் நின்று, ஆஸ்பத்திரி டாக்டர் நந்தகுமாரிடம் ஓடி, ஜீப்பையே கிளப்பிவிட்டாள். மலையிலேயே பைல் நாடு என்கிற ஊரில் காப்பித் தோட்டம் வைத்திருக்கிற சுப்பண்ணன் என்கிற பெரியவரின் ரத்தம் அது. ஏணி மேல் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்தவரை இறக்கி, ஜீப்பில் போட்டு, பிள்ளைகள் குய்யோ முறையோ என்று பின்னாலேயே வர, கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். மனுஷன் குத்துக்கல் மாதிரி இருந்தார். சளிக் காய்ச்சல், அதுவும் போன வாரமே போயாச்சு. விஷயம் என்னவென்றால் அன்றைக்கு மருத்துவ முகாமுக்குப் போன ஜீப் பஞ்சராகி, ரத்தம் ஆறு மணி நேரம் குழாயிலேயே கிடந்து, அணுக்கள் ஊதிப்போய் முத்தல் எல்லாம் பிஞ்சாகத் தெரிந்திருக்கிறது. புதிதாக எடுத்துப் பார்த்ததில் நான்கு.

"ஏனுங் அம்மிணி, உசுரோட இருக்கறவனுக்கு மாலை வாங்கிப்போட்டீங்களே!" என்றார் சுப்பண்ணன், ஆஸ்பத்திரியே சிரிக்க. அத்தோடு விட்டாரா, ஊர் பூராவும் சொல்லிச் சிரித்தார். டீக்கடையில் அவளைப் பார்த்தால் "பிஞ்சம்மா வாராங்க" என்று எழுந்து வழிவிட்டார்கள். தரணிதரன் சிரிக்கவில்லை. இனி ஒரு தடவை பட்டியல் திறந்தால் ஆராய்ச்சியே செல்லாது என்று, எல்லோர் முன்னாலும், மெதுவான குரலில் சொன்னார். ஒப்பந்தத்தில் பதினோரு வருடம் ஓட்டியவள் அவள். பங்குனி மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம். மெதுவான குரல் நன்றாகவே கேட்டது.

அதனால் 63-ஐக் கையில் வைத்துக்கொண்டு அவள் முதலில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது அந்தப் பஞ்சரைத்தான். இதுவும் பழைய ரத்தமாக இருக்கும். வித்யாஸ்ரீயின் அறைக்குப் போய்க் குழாயைக் கேட்டாள். ஒட்டியிருந்த காகிதத்தில் எடுத்த நேரம் ஒன்பது பத்து என்றிருந்தது. வந்து சேர்ந்தது பன்னிரண்டரை. தேவனூர் நாட்டு முகாமிலிருந்து நேராக வந்த ரத்தம். பழசும் இல்லை, ஒன்றும் இல்லை. அது மட்டுமல்ல, அணுக்களுக்குள்ளே கருநீலமாகப் பொடி தூவினாற்போல் இருந்ததை அவள் பார்த்திருந்தாள். குழாயில் கிடந்து கெட்ட ரத்தத்துக்கு அந்தப் பொடி வராது. மும்முரமாகச் சண்டை நடக்கிற உடம்புக்குத்தான் வரும்.

"மெஷின் என்ன சொல்லுது வித்யா?"

"அக்கா, அத உங்ககிட்ட நான் சொல்லக்கூடாதுங்க்கா" என்றாள் வித்யாஸ்ரீ. சின்னப் பெண், பொய் சொல்லத் தெரியாத முகம். கண் திரைக்குப் போய் வந்தது. அங்கே சிவப்பு எழுத்து எதுவும் இல்லை. எல்லாமே கறுப்பு, எல்லாமே இயல்பு.

தரணிதரனுக்குப் போன் போட்டாள். மூன்றாவது முயற்சியில் கிடைத்தார், பின்னால் வகுப்பு இரைச்சல் கேட்டது.

"சார், அறுபத்திமூணு. நாப்பத்தொண்ணு வருது. மூணு தரம் பார்த்துட்டேன். பொடி பொடியாவும் இருக்கு."

"இருபத்திரெண்டும் இப்படித்தானுங்களே சொன்னீங்க?"

"இது அப்படியில்ல சார்."

"மேடம், ஆளை முகாம் டாக்டர் நேர்ல பாத்திருக்கறாரு. மெஷின் பாத்திருக்குது. ஒண்ணும் இல்லேன்னு ரெண்டு பேரும் சொல்றாங்க. நீங்க ஒருத்தரு உண்டுங்கறீங்க. உறையில எழுதிப் போடுங்க, அதுக்குத்தானுங்க இந்த ஆராய்ச்சியே. உங்க பேரும் கட்டுரையில வருது, கெடுத்துக்காதீங்க."

போனை வைத்துவிட்டு நின்றாள். முகாமில் டாக்டர் பார்த்தாராம். இருநூறு பேர் வரிசையில் ஓர் ஆளுக்கு எத்தனை விநாடி என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் கால் நகர்ந்து நந்தகுமார் அறை வாசல் வரைக்கும் போயிற்று. கர்ப்பிணிகள் வரிசை வராந்தா முழுக்க. உள்ளே கிருஷ்ணகுமாரி நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். நந்தகுமார் நிமிர்ந்தார். அவள் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். கெட்ட எண்ணம் கிடையாது அவருக்கு, அசதியில் ஒரு வேடிக்கை, அவ்வளவுதான்.

"என்ன ஜெனிபர், மறுபடியும் சுப்பண்ணனா? ஜீப்பை எடுக்கச் சொல்லட்டுமா?"

கிருஷ்ணகுமாரி சிரித்துவிட்டார். வரிசையில் நின்ற பெண்களில் கதை தெரிந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். காதுமடல் வரைக்கும் சூடேறிற்று ஜெனிபருக்கு. தொண்டையில் தயாராக இருந்த வாக்கியம் அப்படியே திரும்பி உள்ளே போனது.

"ஒண்ணுமில்ல சார்" என்றாள்.

அந்த இரண்டு வார்த்தையைத்தான் அவள் அதற்குப் பிறகு தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். உறையில் 63 என்று எழுதி, 41 என்று எழுதி, ஒட்டி, பெட்டியில் போட்டாள். சாயங்காலம் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தாள். நன்றாகத்தான் வந்திருந்தது. தின்றாள், வெட்கமில்லாமல்.

வெள்ளிக்கிழமை பெருமாயி வேலைக்கு வரவில்லை. பத்து மணிக்கு மேல் கிருஷ்ணகுமாரிதான் வந்து சொன்னார். பெருமாயியின் மகள் தேன்மொழி. தேவனூர் நாட்டில் கட்டிக்கொடுத்த பெண், இருபத்திரண்டு வயது. காப்பிச் செடிக்குள் களை வெட்டும்போது களைக்கொத்து காலில் பட்டுப் பத்து நாளாகிறது. மேலே ஆறிவிட்டது, உள்ளே ஆறவில்லை. புதன்கிழமை முகாமில் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வியாழன் சாயங்காலம் நினைவு தப்பியிருக்கிறது. ஆம்புலன்ஸில் கீழே கொண்டுபோகும்போது, எழுபது வளைவில் பாதிகூட இறங்கவில்லை, முடிந்துவிட்டது. அம்மாவுக்கே அதற்குப் பிறகுதான் தெரியுமாம். அங்கே சிக்னல் கிடைக்காது; வேலையில் இருக்கிற அம்மாவை எதற்குப் பதற வைப்பது என்று அந்தப் பெண்ணும் சொல்லியனுப்பவில்லை.

கிருஷ்ணகுமாரி போன பிறகு ஜெனிபர் எழுந்து வித்யாஸ்ரீயின் அறைக்குப் போனாள். டிராயருக்கு முன்னால் போய் நின்றாள். வித்யாஸ்ரீ ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள். சாவி பூட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் காலையிலேயே பார்த்துட்டேனுங்க்கா."

63. தேன்மொழி, கணவர் பெயர் சின்னுசாமி, வயது 22, தேவனூர் நாடு. காய்ச்சல் மூன்று நாள். பக்கத்துக் கட்டத்தில் மெஷின் சொன்னது: மொத்த அணு எண்ணாயிரத்து இருநூறு, இளம் அணு இரண்டு சதவீதம். அழகான எழுத்தில் இயல்பு.

எந்த ஊட்டுப் புள்ளையோ பாவம் என்று அவளுடைய தாய் வாசற்படியில் நின்று சொன்னபோது, அந்தப் புள்ளை உயிரோடுதான் இருந்தது. ஒன்றரை நாள் இருந்தது. ஜீப்பும் வாசலில் டீசலோடு நின்றது. இருபத்திரண்டு என்ற எண்ணை வைத்து ஊர் சிரித்த சிரிப்புக்குப் பயந்து இன்னோர் இருபத்திரண்டை விட்டுவிட்டாள். இதை யார் மேலே எழுதுவது? மெஷினுக்கு வெட்கம் கிடையாது, பயம் கிடையாது, பங்குனி மாதமும் கிடையாது. தெரிந்ததைச் சொன்னது. தெரிந்தும் சொல்லாதவள் அவள் ஒருத்திதான்.

எல்லோருமாக ஜீப்பில் மாலையோடு போனார்கள். போகிற வழியில் வாசலூர்பட்டிப் படகுத் துறையில் டூரிஸ்ட்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், அதற்கும் ஜெனிபருக்கு ஆத்திரம் வந்தது. பெருமாயி தரையில் உட்கார்ந்திருந்தாள். ஜெனிபரைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ரத்தம் எடுத்தாங்களாமே கண்ணு. மெஷின்ல பாத்தாங்களாம், ஒண்ணுமில்லேன்னு வந்துச்சாம். மாப்ள சொல்றாரு. நான் அங்கியே இருந்துக்கிட்டு இருந்தேனே... உங்க கையில ஒரு சொட்டு கெடச்சிருந்தா பிஞ்சை எண்ணிச் சொல்லியிருப்பீங்களே. மெஷினுக்கென்ன தெரியும், பாழாப்போன மெஷினுக்கு."

ஜெனிபர் வாயைத் திறந்தாள். சுற்றிலும் பத்து இருபது பேர், ஒப்பாரி, சின்னுசாமி சுவரில் தலையைச் சாய்த்து வெறித்தபடி. தரணிதரனும் வந்திருந்தார், மரத்தடியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலில் நின்றிருந்தார். சொல்லவில்லை. இது சொல்கிற நேரமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். இந்த மாதிரிக் கேள்விக்கு எப்போதுமே நல்ல பதில்தான் கிடைக்கும்.

அடுத்த வாரம் தரணிதரன் லேப்புக்கு வந்து கதவைச் சாத்தினார். முகம் வெளுத்திருந்தது. "அறுபத்திமூணைக் கணக்குல சேர்க்க முடியாதுங்க மேடம்" என்றார்.

"ஏன் சார்?"

"நாலு மணி நேரத்துக்குள்ள பாக்கோணும்னு விதி. ஒன்பது பத்துக்கு எடுத்தாங்கன்னு என்ன உறுதி? முகாம்ல எழுதற நேரம் உங்களுக்குத் தெரியாததா?"

"நீங்கதான சார் சொன்னீங்க, நம்பர் பேசட்டும்னு?"

அவர் சாத்திய கதவைத் திறந்துகொண்டு போனார். மெஷின் பிஞ்சை விட்டுவிடும் என்று அவள் சொன்னது நூறு மாதிரியில் ஒரே ஒரு மாதிரியில் பச்சையாக நிரூபணமாகியிருந்தது, அந்த ஒன்றைத்தான் வெளியே எடுத்துவிட்டார்கள். இருபத்திரண்டும் வெளியே, அறுபத்திமூன்றும் வெளியே. அவள் தப்பாகச் சொன்னதும் போயிற்று, சரியாகச் சொன்னதும் போயிற்று. மீதி தொண்ணூற்றெட்டிலும் கண்ணும் மெஷினும் மாமன் மச்சான் மாதிரி ஒத்துப்போயின.

மாசி கடைசியில் ஆஸ்பத்திரிக் கூடத்தில் திரை கட்டி முடிவைப் படித்தார்கள். பப்ஸும் டீயும் கொடுத்தார்கள். மலைப் பகுதிக்கு மெஷின் ஒன்றே போதும், கண்ணால் எண்ணுவது இனி அவசியமில்லை என்று கடைசித் திரையில் இருந்தது. நன்றி என்ற தலைப்பின் கீழே ஜெனிபர் பெயரைப் போட்டிருந்தார்கள், ஓர் எழுத்து தவறாக. மைக்ராஸ்கோப்பை உறை போட்டு மூட்டைகட்டச் சொன்னார்கள். ஒப்பந்தம் என்னவோ புதுப்பித்துவிட்டார்கள். மெஷினில் குழாய் வைக்கவும் ஆள் வேண்டுமே.

தவக்காலம் தொடங்கியிருந்தது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போகலாம் என்று இரண்டு ஞாயிறு கிளம்பி இரண்டு ஞாயிறும் பாதி வழியில் திரும்பினாள். சாமியார் மன்னித்துவிடுவார், அது அவருடைய வேலை. சொல்ல வேண்டிய ஆள் சாமியார் இல்லை என்பதுதான் தொல்லை.

சொல்ல வேண்டிய ஆள் கருமாதி முடிந்து வேலைக்கு வந்துவிட்டிருந்தாள். முன்பு போலவே தரை துடைத்தாள், முன்பு போலவே ஈரம் காய வெளியே நின்றாள். பிஞ்சு எத்தினி என்று மட்டும் கேட்பதில்லை. ஜெனிபர் தினமும் சொல்லிவிடுவது என்று வருவாள். இன்றைக்கு வேண்டாம், இன்றைக்குத்தான் இரண்டு வாய் சாப்பிட்டாள் போலிருக்கிறது. இன்றைக்கு வேண்டாம், இன்றைக்கு மகளின் சேலையைக் கட்டி வந்திருக்கிறாள். இப்படியே பங்குனி வந்துவிட்டது. வாசல் பலாவில் பிஞ்சு இறங்கித் தரையில் உதிர்ந்து கிடந்தது. பெருமாயி அதையும் கூட்டி அள்ளினாள்.

ஆராய்ச்சி ஸ்லைடுகளை அழித்துவிடும்படி கடிதம் வந்தது. நூறு பள்ளம் வைத்த மரப்பெட்டி, பள்ளத்துக்கு ஒன்றாக நூறு கண்ணாடி. அவற்றை எடுத்து நீலத் தொட்டியின் மருந்துத் தண்ணீரில் போடுவது துப்புரவுப் பணியாளரின் வேலை. ஜெனிபர் முதல் நாளே 63-ஐ உருவித் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். மகளின் ரத்தத்தைத் தாயின் கையாலேயே தொட்டியில் போடவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அது இரக்கமா, சாட்சியை ஒளிக்கிற வேலையா என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பெருமாயி கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். எழுத்து வாசிக்கத் தெரியாது அவளுக்கு; எண் தெரியும். பஸ் நம்பரும் போன் நம்பரும் அவளை ஏமாற்ற முடியாது. அறுபத்தொன்று, அறுபத்திரண்டு. கை நின்றது.

"ஒண்ணு கொறையுதுங்களே கண்ணு. அறுபத்திமூணு."

"எங்கிட்ட இருக்குதுக்கா" என்றாள் ஜெனிபர். வாய் முந்திக்கொண்டது. கை பைக்குள் போய்க் கண்ணாடியோடு வந்தது.

பெருமாயி அதை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். கட்டைவிரல் அளவுக்கு ஊதாத் தீற்றல்.

"இதெதுக்குங்க தனியா? ஓ, இதுதானா அது? அன்னிக்கி ஒண்ணு சொன்னீங்களே, நாப்பத்தொண்ணு. மூணு தரம் மணியடிச்சதே." நெற்றியைச் சுருக்கினாள். "அதுக்குப் பொறவு நான் என்ற பாட்டுல கெடந்துட்டேன், கேக்கவே மறந்துபோச்சு. அந்தப் புள்ள பொழச்சுதுங்களா?"

ஜெனிபர் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"அய்யோ. நீங்க சொன்னீங்கல்ல டாக்டருகிட்ட?"

எண்ணும் பெட்டி இன்னும் மேஜையில்தான் இருந்தது. ஜெனிபர் மைக்ராஸ்கோப்பின் உறையை உருவினாள், விளக்கைப் போட்டாள், பெருமாயியின் கையிலிருந்து கண்ணாடியை வாங்கி மேடையில் பொருத்தினாள். எதற்காகச் செய்கிறோம் என்று தெரிந்து செய்யவில்லை. வாயால் சொல்ல முடியாததற்கு அவளிடம் இருந்த ஒரே வழி அது.

"இங்க வந்து பாருங்கக்கா."

"நானுங்களா? ஈரம் இன்னும் காயிலீங்க."

"பரவால்ல. வாங்க."

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவள் தன் சட்டத்தை மீறி ஈரத்தில் கால் வைத்து வந்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி இன்னொரு கண்ணை வைத்தாள். முதலில் தன் இமைமயிரைத்தான் பார்த்தாள். பிறகு தெளிந்தது.

"அடேங்கப்பா, எத்தினி அழகா இருக்குது. ஊதாப் பூவாட்டம்." குரல் தணிந்தது. "இந்த வளைஞ்சு கெடக்கறதுதானே பிஞ்சு? நாடாவாட்டம்? ஒண்ணு. அந்தப் பக்கம் இன்னொண்ணு, ரெண்டு. ஏனுங் கண்ணு, பொட்டில அடிக்கிலீங்களா?"

ஜெனிபர் பித்தானில் விரலை வைத்தாள். அழுத்தினாள். இரண்டு தடவை.

"மூணு. நாலு. இது கொஞ்சம் முத்தினாப்பல இருக்குது, இது வேண்டாம். அஞ்சு." கண்ணை எடுக்காமலே எண்ணினாள் பெருமாயி, ஒன்றையும் தவறவிடக்கூடாது என்கிற கவனத்தோடு, அரிசியில் கல் பொறுக்குகிறவளின் பொறுமையோடு. ஜெனிபர் கண்ணாடியை மெல்ல நகர்த்திக் கொடுத்தாள். சன்னலில் எண் ஏறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு. பதின்மூன்று. வெளியே பலாவிலிருந்து ஏதோ உதிர்ந்து தகரத்தில் விழுந்த சத்தம் கேட்டது.

"பதினாலு... பதினஞ்சு..." பெருமாயியின் விரல் மேஜை விளிம்பைப் பற்றிக்கொண்டிருந்தது. "ஆருதுங்க கண்ணு இது? நம்மூர்ப் புள்ளீங்களா?"

ஜெனிபரின் ஆள்காட்டி விரல் பித்தான் மேலேயே நின்றது.

"பதினாறுங்க" என்றாள் பெருமாயி. "அடிங்க."